அரை கேரட் வாக்கு

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு வைஷாலியின் அழைப்பு வந்தபோது கபிலன் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் கிரீஸ். தோளால் கைப்பேசியைக் காதோடு அணைத்துக்கொண்டான்.

"வேலையா இருக்கீங்களா?"

"ம். சொல்லுங்க."

"அரை நாள் லீவு எடுக்க முடியுமா? உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. மோதிரத்தோட சர்ட்டிஃபிகேட்டையும் எடுத்துட்டு வாங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"அம்மா மோதிரத்தைத் திருப்பிக் குடுக்கணும்ங்கறாங்க. கல்லு நடுவுல கரும்புள்ளி இருக்காம்."

வைஷாலியின் குரலில் கோபம் இல்லை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும்போது பேசுகிற நிதானமான குரல்தான் அது.

அவனுக்கும் வைஷாலிக்கும் நிச்சயதார்த்தம் ஆக இன்னும் இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் பேசியாயிற்று, சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை மாலையே மோதிரம் பொங்கோலில் இருக்கும் வைஷாலி வீட்டுக்குப் போய்விட்டது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று வைஷாலி வீட்டில் ஒரு வழக்கம்: எந்த வைரமானாலும் மூன்று நாள் பூஜை அலமாரியில் வைத்துப் பார்த்த பிறகுதான் விரலில் ஏறும்.

அந்த மூன்று நாளும் நல்லபடியாகப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வைஷாலியின் அப்பா முத்துராமனுக்கு ரத்த அழுத்தம் ஏறி பாலிகிளினிக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். புதன்கிழமை அவள் அம்மா ரத்தினம்மா இருபது நிமிடம் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

கபிலன் எதையும் நோட்டில் எழுதிக்கொள்ளாமல் செய்கிறவன் அல்ல. எழுதிய பிறகும் சரிதானா என்று நாலு தடவை திருப்பிப் பார்ப்பான். மாலை வகுப்புக்குக் கொண்டுபோகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில், நான்கு வாரத்துக்கு முன் மோதிரம் வாங்கப் போன அன்று இரண்டு கல்லைப் பற்றியும் கட்டம் போட்டு எழுதியிருந்தான். ஒரு கல் ஐம்பது சென்ட், அதாவது சரியாக அரை கேரட். இன்னொன்று நாற்பத்து மூன்று. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

கடையில் அவனுக்குக் கல் காட்டிய பெண்ணின் பெயர் தமன்னா. வயது இருபத்திரண்டு இருக்கும்.

"அண்ணே, அம்பது சென்ட்டுல கட் சரியில்ல, கல்ல வெட்டுன விதம். அடிப்பக்கம் ஆழமா விட்டுட்டாங்க. நாப்பத்து மூணு நல்ல கட். வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, நானும் கூட வரேன்."

"இங்க ரெண்டுமே ஒண்ணு மாதிரிதானே மின்னுது."

"இந்த விளக்குக்குக் கீழ கோக் பாட்டில் உடைஞ்சாக்கூட மின்னும்."

அவன் சிரித்தான். வெளியே போகவில்லை. நோட்டில் 'கட்' என்ற கட்டத்துக்கு நேராக அவனே எழுதியிருந்தான்: முதல் கல், ஃபேர். இரண்டாவது, எக்ஸலன்ட். ஐந்து படியில் ஃபேர் என்பது மேலிருந்து நாலாவது படி என்று தமன்னா சொல்ல, அதையும் அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்த பிறகு, "அம்பதையே குடுங்க" என்றான்.

காரணம் அவன் அம்மா பாக்கியலட்சுமி. பெண் பார்க்கப் போன அன்று ரத்தினம்மா, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் அரை கேரட் போட்டதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாக்கியலட்சுமி காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே, "எங்க வீட்டு மோதிரமும் அரை கேரட்டுக்குக் குறையாது சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். கணவர் போன இந்த ஆறு வருடத்தில், ஆண் இல்லாத வீடு என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல அவர் இடம் வைத்ததில்லை.

கபிலன் கையைத் துடைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் லீவு கேட்கப் போனான்.

பாசிர் ரிஸில் அவன் வீட்டில் அம்மா ஏற்கெனவே புடவை மாற்றித் தயாராக இருந்தார். சம்பந்தி வீட்டிலிருந்து அவருக்கும் அழைப்பு வந்திருந்தது. வாடகைக் காரில் ஏறியதிலிருந்து பேச்சு ஓயவில்லை.

"புள்ளியாம் புள்ளி. சர்ட்டிஃபிகேட்ல சுத்தமான கல்லுனு போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்கும்மா."

"அரை கேரட்னு போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்கு."

"அப்புறம் நீ ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற? தப்பு பண்ணவன் மாதிரி."

கபிலன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொங்கோல் வீட்டில் முத்துராமன் சோபாவில் சாய்ந்திருந்தார். மேசை மேல் சிவப்பு வெல்வெட் பெட்டி திறந்திருந்தது. ரத்தினம்மா வாங்க என்று சொன்னார், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். சிரிக்கவில்லை.

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன் சம்பந்தி. இன்னிக்குக் காலையில சமையல்கட்டு சன்னல்கிட்ட வச்சுப் பாத்தேன். நடுவுல கருப்பா கண்ணு மாதிரி இருக்கு. இவருக்கு உடம்புக்கு வந்தது, நான் லிஃப்டுல மாட்டுனது, எல்லாம் இது வீட்டுக்குள்ள வந்த பிறகுதான்."

"லிஃப்டு நின்னதுக்கு மோதிரம் என்ன பண்ணும்?" என்றார் பாக்கியலட்சுமி.

"உங்க பையன் லிஃப்டுதானே பாக்குறாரு. அவரையே கேளுங்க."

"அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல அத்தை" என்றான் கபிலன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. முத்துராமன் மட்டும் லேசாகச் சிரித்து, மனைவி பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ரத்தினம், உப்பைக் குறைக்கச் சொன்னாங்க, நான் குறைக்கல. அதுக்கு அந்தக் கல்லு என்ன செய்யும்?"

"நீங்க சும்மா இருங்க. தோஷக் கல்ல என் பொண்ணு விரல்ல போட்டு அனுப்ப மாட்டேன்."

பாக்கியலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தோஷம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க. என் புள்ள ஒரு மாசம் அலைஞ்சு, நோட்டுப் போட்டு எழுதி, பாத்துப் பாத்து வாங்குன கல்லு. கபிலா, அந்தக் காயிதத்தை எடு."

அவன் சர்ட்டிஃபிகேட்டை எடுத்து நீட்டினான். அதை வாங்க ரத்தினம்மா கை நீட்டவில்லை. அதுவரை சுவரோரம் நின்றிருந்த வைஷாலிதான் வந்து வாங்கினாள். படிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு முதலில் மோதிரத்தை எடுத்தாள்.

"காலையில பாத்திரச் சோப்பு போட்டு, பிரஷ் வச்சு அடிப்பக்கம் வரைக்கும் கழுவுனேன். அழுக்கு இல்ல. அப்பவும் கருப்புப் போகல" என்றாள். சன்னல் பக்கம் போய் மோதிரத்தைச் சாய்த்துப் பிடித்தாள். "அம்மா, இங்க வா. பக்கவாட்டுல பாரு. தெரியுதா?"

ரத்தினம்மா கண்ணைச் சுருக்கினார். "இல்ல."

"இப்ப மேலருந்து."

"இப்பத் தெரியுது."

"உள்ள புள்ளி இருந்தா எந்தப் பக்கம் பாத்தாலும் எங்கேயாவது தெரியணும். இது புள்ளி இல்ல. மேல விழுற வெளிச்சம் கல்லுக்குள்ள போயி, அடியில ரெண்டு பக்கமும் மோதி, மறுபடி மேலேயே வரணும். அப்பத்தான் மின்னும். இதுல நடுவுல விழுற வெளிச்சம் திரும்பி வரல. அடிவழியா நழுவிப் போயிடுது. வராத எடம் கருப்பாத் தெரியுது."

"அப்ப கல்லுல குத்தம் இல்ல?" என்றார் பாக்கியலட்சுமி வேகமாக.

"கல்லுல இல்ல அத்தை. வெட்டுனதுல."

அப்போதுதான் அவள் சர்ட்டிஃபிகேட்டைக் கையில் எடுத்தாள். எடை, நிறம், சுத்தம் என்று அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்குவதைக் கபிலன் பார்த்துக்கொண்டிருந்தான். 'கட்: ஃபேர்' என்ற வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இதை இவங்ககிட்ட கடையில சொன்னாங்களான்னுதான் தெரியல."

பாக்கியலட்சுமி மகனுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"சொல்லியிருக்க மாட்டாங்க. எம்புள்ளைக்கு வைரத்தப் பத்தி என்ன தெரியும்? அப்பாவியாப் போய் நின்னிருக்கான், தலையில கட்டிட்டாங்க. இதோ இப்பவே போய் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

"ஏமாத்திட்டாங்களா மாப்பிள்ளை?" ரத்தினம்மாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. கபிலனுக்கு அது தெரிந்தது. ஆனால் அம்மாவின் முகத்தில் பரவிய நிம்மதியைப் பார்த்தான். ரத்தினம்மா ஒரு முறுக்குத் தட்டை எடுத்துவந்து வைப்பதைப் பார்த்தான். அவன் தலை தானாக ஆடியது. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அப்படி ஓர் ஆட்டம்.

"நானும் இவங்களும் கடைக்குப் போய்ட்டு வரோம்" என்றாள் வைஷாலி. "நீங்க ரெண்டு பேரும் வேண்டாம். கடையில கூட்டம் கூடிடும். அத்தை இங்கயே சாப்பிட்டு இருங்க."

பொங்கோலிலிருந்து கடை இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். மாறத் தேவையில்லை. அதனால் பேசாமல் இருக்கவும் முழுதாக இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது.

வைஷாலி மோதிரப் பெட்டியைப் பையில் வைத்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். சிராங்கூன் தாண்டியதும் அவன் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"உங்க நோட்டுல இதை எழுதலையா?"

"எதை?"

"கட். எல்லாத்தையும் எழுதுவீங்கல்ல."

அடுத்த நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கி நான்கு மொழியில் சொல்லி முடித்தது. அது முடியட்டும் என்று காத்திருப்பவன்போல் கபிலன் இருந்தான். வைஷாலி மறுபடி கேட்கவில்லை.

இப்போது சொல்லிவிடலாம், கடைக்குப் போகும் முன் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தவணை வைத்தான். லிட்டில் இந்தியா வந்தது. படியேறி பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளைத் தாண்டும்போதுகூட நேரம் இருந்தது. வாழையிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட, அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் போனான்.

தமன்னா அவனைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தாள்.

"வாங்க அண்ணே. இவங்கதான் அண்ணியா?"

வைஷாலி பெட்டியைத் திறந்து கண்ணாடி மேசை மேல் வைத்தாள். அந்த விளக்குகளின் கீழ் கல் இப்போதும் பொறி பறக்க மின்னியது.

"இந்தக் கல்லோட கட் ஃபேர். நடுவுல இருட்டா இருக்கு. விக்கும்போது நீங்க இதை இவங்ககிட்ட சொல்லலையா?"

தமன்னாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கபிலனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இரண்டு மேசை தள்ளி ரசீது எழுதிக்கொண்டிருந்த மேலாளர் பேனாவை நிறுத்தி இந்தப் பக்கம் கவனித்தார்.

"ஏம்மா, என்ன பிரச்சினை?"

தமன்னா வாடிக்கையாளரிடம் பேசும் அந்த மரியாதைக் குரலில் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. அன்னிக்கு ரொம்பக் கூட்டம். சரியா விளக்காம விட்டிருப்பேன்."

"எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று மேலாளர் எழுந்து வந்தார். "சாரி மிஸ். புது ஸ்டாஃப் லா. இவங்க சம்பளத்துல..."

"இல்ல."

தன் குரல்தான் என்று கபிலனுக்கே முதலில் தெரியவில்லை.

"இல்ல சார். அவங்க சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நல்ல கட்டோட நாப்பத்து மூணு சென்ட் கல்லும் காட்டி, வெளிய கொண்டுபோய்ப் பாக்கச் சொன்னாங்க, நான்தான் போகல." வைஷாலியின் பக்கம் திரும்பினான். "எனக்குத் தெரியும். நோட்டுலயும் எழுதியிருக்கேன். தெரிஞ்சேதான் வாங்குனேன்."

"ஏன்?"

"அரை கேரட்னு அம்மா உங்க வீட்டுல வாக்குக் குடுத்திருந்தாங்க. எடை சரியா இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"வீட்டுல எங்கம்மா கேட்டாங்கல்ல, ஏமாத்திட்டாங்களான்னு. அப்ப?"

"அப்பவும் தெரியும்."

வைஷாலி மோதிரத்தைக் கையில் எடுத்தாள். பிறகு தமன்னாவிடம், "அந்த இன்னொரு கல்லு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. தமன்னா மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். மேலாளர் தலையசைக்க, மூவரும் வாசலுக்கு, கடைகளின் முன்னால் கூரையிட்ட ஐந்தடிப் பாதைக்கு வந்தார்கள். கடைக்குள் இருந்த விளக்குகள் இங்கே இல்லை. மேகம் மூடிய மதிய வெளிச்சம் மட்டும்.

வைஷாலி இடது கையை மூடி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஐம்பது சென்ட் மோதிரத்தைச் செருகினாள். அடுத்த விரலிடுக்கில் தமன்னா இடுக்கியால் நாற்பத்து மூன்றை வைத்தாள்.

கபிலன் குனிந்து பார்த்தான். மோதிரத்துக் கல் தூக்கம் கலையாத கண்போல் நடுவில் இருண்டு கிடந்தது. பக்கத்தில் இருந்தது அவள் கை சிறிது அசைந்தாலும் விளிம்பிலிருந்து விளிம்புவரை வெளிச்சத்தை வாரி இறைத்தது. மேலிருந்து பார்க்க இரண்டும் ஒரே அகலம். கூடுதலான அந்த ஏழு சென்ட் எடையும் யார் கண்ணுக்கும் படாமல் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அகலம் ஒண்ணுதான்றதால அதே மோதிரத்துல பதிச்சிடலாம் அக்கா" என்றாள் தமன்னா. "மூணு மணிக்குள்ள மாடியில பத்தர்கிட்ட குடுத்தா நாளைக்குச் சாயங்காலம் கெடைச்சிடும். நீங்க பேசிக்கிட்டு இருங்க." கல்லைப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டு வாசலுக்கு உள்ளே போய் நின்றாள்.

"எனக்கு இந்தச் சின்னது புடிச்சிருக்கு" என்றாள் வைஷாலி. அவன் நிமிர்ந்தான். அவள் கை காட்டி நிறுத்தினாள். "இருங்க, முடிக்கல. ஞாயித்துக்கெழம சபையில தட்டு வரிசைப் பட்டியலை வாசிப்பாங்க. அத்தை என்ன எழுதிக் குடுத்திருக்காங்க?"

"அரை கேரட் வைர மோதிரம்னு."

"அப்படி வாசிச்சா நான் கையை நீட்ட மாட்டேன். எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். உங்கம்மாகிட்ட நீங்க சொல்லணும். கடையில ஏமாத்தலங்கறதையும் சேத்து. இப்பவே, எனக்கு முன்னாடி."

"வீட்டுக்குப் போய்ப் பொறுமையா சொல்றேனே."

"நாலு வாரம் பொறுமையாத்தானே இருந்தீங்க."

கபிலன் கைப்பேசியை எடுத்தான். முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம், ரத்தினம்மாவின் பேச்சு.

அவன் சொன்னான். ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. கட் மோசம் என்று தெரிந்தே வாங்கியது, கடைக்காரப் பெண் எச்சரித்தது, இப்போது நாற்பத்து மூன்றுக்கு மாற்றப்போவது, பட்டியலில் ஒரு வரியைத் திருத்த வேண்டியது. நடுவில் அம்மா ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"சரிப்பா" என்றார் கடைசியில், மூன்றாம் மனிதரிடம் பேசும் குரலில். "நல்லதாப் போச்சு. நான் அப்புறம் பேசுறேன்."

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள் வைஷாலி.

"பக்கத்துல உங்கம்மா இருக்காங்க" என்றான்.

அவளுக்குப் புரிந்தது. மூன்று நிமிடம் இருக்கும். கைப்பேசி மறுபடி அடித்தது. இப்போது பாத்திரச் சத்தம் இல்லை. எங்கோ குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் சத்தம். அம்மா புளோக்குக்குக் கீழே இறங்கி வந்திருந்தார்.

"தெரிஞ்சே வாங்குனியா?"

"ஆமாம்மா."

"அந்த அம்மா முன்னாடி நான் அவ்வளவு பேசுனேனே. எம்புள்ள அப்பாவின்னு சொன்னேனே. அப்பக்கூட நீ வாயைத் தொறக்கல."

"தப்புதாம்மா."

"இனிமே அரை கேரட் இல்ல, நாப்பத்து மூணுன்னு நான் போய் எழுதிக் குடுக்கணும். அத்தனை பேரு முன்னாடி அதை வாசிக்கும்போது நான் உக்காந்திருக்கணும்." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "என்னால முடியாது கபிலா. பட்டியலை நீயே எழுதிக்க. தட்டையும் நீயே தூக்கிக்க. நான் ஞாயித்துக்கெழம வரல."

தொடர்பு அறுந்தது.

வைஷாலி அவன் முகத்தைப் பார்த்தாள். "அத்தை என்ன சொன்னாங்க?"

ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கபிலன் அதை விழுங்கினான்.

"வரமாட்டாங்களாம்."

"நிச்சயத்துக்கா?"

"ம்."

தாய் வராமல் தட்டு வரிசையை யார் முன்னின்று கொடுப்பது, அதை ரத்தினம்மா வாங்குவாரா என்று இருவருக்கும் தெரியவில்லை. தெருவில் பூமாலைக் கடைக்காரர் ஈரச் சாக்கை உதறிப் போட்டார். தமன்னா வாசலிலிருந்து மெல்லத் தலையை நீட்டினாள்.

"அக்கா, ரெண்டே முக்கால் ஆயிடுச்சு. பத்தர்கிட்ட குடுக்கவா, வேண்டாமா?"

கபிலன் வைஷாலியைப் பார்த்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று நின்றான்.

வைஷாலி விரலிடுக்கிலிருந்து மோதிரத்தை உருவி, தமன்னாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"குடுங்க" என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் நிலையத்தை நோக்கி நடந்தாள். "வாங்க. அத்தை கெளம்பறதுக்குள்ள எங்க வீட்டுக்குப் போயிடணும்."